ஓடைக்குள் இறங்கிய காலடிகள்

விடியற்காலை ஒரு தூறல் போட்டுவிட்டு ஓய்ந்திருந்தது. ரோட்டோரத்து மெத்தென்ற மண்ணில் காலடிகள் வரிசையாகப் பதிந்திருந்தன. எல்லாம் வெறுங்கால்கள். நான் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்தபடியே அவற்றின் பின்னால் போனேன். எதிரே வந்த வண்டிக்காரன், ஓவர்சீர் எதையோ தொலைத்துவிட்டார் என்று நினைத்து, தானும் வண்டியை நிறுத்தித் தரையைப் பார்த்தான்.

காலடிகள் நேராகப் பாலம் வரைக்கும் வந்தன. பாலம் என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நாலடி அகலம், இடுப்பளவு ஆழமுள்ள ஒரு வறண்ட ஓடை. அதன் குறுக்கே கருங்கல் பலகைகளை வரிசையாக அடுக்கி, மேலே மண்ணும் சரளையும் போட்டு மூடியது. அவ்வளவுதான்.

பாலத்துக்கு இரண்டு எட்டு முன்னால் காலடிகள் சட்டென்று இடது பக்கம் திரும்பின. கரையில் சறுக்கி ஓடைக்குள் இறங்கின. மணலில் நடந்து அந்தப் பக்கத்துக் கரையில் ஏறின. ஏறி, மறுபடி ரோட்டுக்கு வந்து, ஒன்றும் நடக்காததுபோல் சந்தையைப் பார்க்கப் போயின.

ஒரு கால்கூடப் பாலத்தின் மேல் படவில்லை. அங்கே இருந்ததெல்லாம் வண்டிச் சக்கரத் தடமும் மாட்டுக் குளம்பும்தான்.

அந்தப் பாலத்தைக் கட்டியவன் நான். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிடப் பெரிதாக, என்னதான் சங்கதி என்கிற குறுகுறுப்பு வந்தது.

அடிக்கோலால் இழுத்த கோடு

அப்போது எனக்கு மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. ஓவர்சீர் உத்தியோகம் அதற்கு முன்பே முளைத்துவிட்டது. பாலக்காட்டில் கோயில் வீதியில் பிறந்து வளர்ந்த என்னைக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அனுப்பினார்கள். சந்தைக்கும் அதற்குக் கிழக்கே பனைகளுக்கு நடுவில் கிடந்த ஊர்களுக்கும் இடையே ஒரு ரோடு போட வேண்டும். உத்தரவு அவ்வளவுதான்.

பழைய வழி ஒன்று இருந்தது. கிளுவை வேலியை ஒட்டி, ஒரு கிணற்றைச் சுற்றி, யாரோ ஒருவர் வீட்டுக் களத்தின் ஓரமாக வளைந்து வளைந்து போகும் ஒற்றையடிப் பாதை. காகிதத்தில் அதைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டு முனையிலும் புள்ளி வைத்தேன். அடிக்கோலை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தேன். கால்வாசித் தூரம் மிச்சம். அன்றைக்கு எனக்கு இருந்த கர்வத்துக்கு அளவில்லை.

அந்தக் கோடு பெரும்பாலும் ஒரே ஆளின் காட்டில் விழுந்தது. அந்தப் பக்கத்தில் காடு என்றால் மானாவாரி நிலம். அதன் சொந்தக்காரரை எல்லாரும் பண்ணாடி என்பார்கள். நல்ல மனுஷர்தான். ரோட்டுக்கு நிலம் கொடுத்தார். பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டார்: ஜனங்கள் புது ரோட்டுக்கு மாறியதும், பழைய பாதை இனித் தேவையில்லை என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதையும் சேர்த்து உழுது கடலை விதைத்துக்கொள்வார். நியாயமாகத்தான் பட்டது.

சில மாதங்களில் ரோடு முடிந்தது. பாலத்துக்குப் பலகைக்கல் ஒன்று குறைந்தது, அதையும் சமாளித்தோம். திறப்பன்று பண்ணாடி தம் பெயரை எழுதிய மரப்பலகை ஒன்றை ரோட்டின் முனையில் நட்டார்.

மறுநாளே வண்டிகள் வந்தன. மனிதர்கள் வரவில்லை.

இரண்டு பை புளியங்கொட்டை

சந்தை நாளில் பழைய பாதையும் புது ரோடும் பிரியும் இடத்தில் குடையை விரித்து உட்கார்ந்தேன். சட்டைப் பை இரண்டும் காலி. மடியில் ஒரு பிடி புளியங்கொட்டை. ரோட்டில் நடந்து போனால் இடது பைக்கு ஒன்று. பழைய பாதையில் போனால் வலது பைக்கு ஒன்று.

மத்தியானத்துக்குள் வலது பை புடைத்துத் தொங்கியது. இடது பையில் கைவிட்டுத் துழாவினேன். மூன்று இருந்தது. ஒன்று தபால்காரர். ஒன்று வழி தெரியாத வெளியூர்க்காரர். மூன்றாவது நான், காலையில் அந்த வழியாகத்தான் வந்திருந்தேன்.

இன்னொன்றும் கவனித்தேன். தலைச்சுமைப் பெண்கள் யாரும் தனியாக வரவில்லை. இரண்டிரண்டு பேராக வந்தார்கள். துணை வராத ஒரு பெண் சுமையோடு ஊர் முனையில் காத்து நின்றதையும் பார்த்தேன். அப்போது அதற்கு நான் அர்த்தம் தேடவில்லை. பேச்சுத்துணை என்று நினைத்துக்கொண்டேன்.

ஏன் ரோட்டில் வருவதில்லை என்று கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில்தான். “வழக்கமுங்க சாமி.” நான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தால் அதுவும் கிடையாது, சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

சரி, நானே கண்டுபிடிக்கிறேன் என்று செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு புது ரோட்டில் நடந்தேன். இருபது எட்டு வைப்பதற்குள் விளங்கிவிட்டது. உடைத்த கல் உள்ளங்காலில் குத்தியது. வெயில் ஏறியதும் அது அடுப்புக்கல்லாகச் சுட்டது. போதாததற்குக் கணவாய்க் காற்று. மேற்கே இருந்து வரும் அந்தக் காற்று பனையையே சாய்த்துத்தான் வளர்க்கும். பழைய பாதையில் கிளுவை வேலி மறைப்பாக நின்றது. என் ரோட்டில் மறைக்க ஒன்றும் இல்லை.

இந்த ரோட்டை நான் யாருக்காகப் போட்டேன்? இரும்புப் பட்டை போட்ட சக்கரத்துக்கும் லாடம் அடித்த குளம்புக்கும் போட்டிருக்கிறேன். தோல் மட்டும் உள்ள காலை நினைக்கவே இல்லை.

யாரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். ரோட்டின் ஓரத்தில் மூன்றடி அகலத்துக்குக் கல்லை ஒதுக்கி, குளத்து வண்டலும் மணலும் கலந்து கொட்டி, மெத்தென்று ஒரு நடைக்கீற்று போட்டேன். ஓரமாகப் புங்கங்கன்றும் நட்டேன்.

அடுத்த சந்தைக்கு இடது பை கனத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கு அடுத்த சந்தை அன்று காலையில்தான் தூறல் போட்டது. நான் காலடிகளின் பின்னால் போனதும் அன்றுதான்.

கொஞ்சம் வழி தவறிப் போகிறேன்

நான் பிறந்த வீதியை வரைபடம் போட்டுக் கட்டியவர் யாரென்று யாருக்கும் தெரியாது. இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். நடுவில் தேர் போகிற அகலம். தேர் வருஷத்துக்குச் சில நாள்தான் ஓடும். மற்ற நாளெல்லாம் அந்த அகலம் முழுக்க நடக்கிறவர்களுக்குத்தான். ஆற்றில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு வருகிறவர்கள், வாசல் கோலத்தை மிதிக்காமல் வளைந்து போகும் பள்ளிக்கூடப் பையன்கள் எல்லாரும் வீதி நடுவிலேயே நடப்பார்கள். அங்கே நடந்து வளர்ந்த எனக்கு, நடப்பதற்கு என்று ஓர் இடம் செய்ய வேண்டும் என்பதே தோன்றியதில்லை. அதைவிட முக்கியமானது இன்னொன்று: அந்த வீதியில் நான் ஒரு நாளும் தலையில் எதையும் சுமந்து நடந்ததில்லை.

பிற்பாடு மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தேன். அங்கே துரைமார் போட்ட ரோடு மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும். லயத்துக் கூலி ஜனங்கள் அதைத் தொடவே மாட்டார்கள். செடிகளுக்கு நடுவே செங்குத்தாக ஏறிவிடுவார்கள். கொழுந்து எடுக்கும் ஒரு திருநெல்வேலிப் பெண்ணைக் கேட்டேன். “அந்த ரோடு குதிரைக்கு மூச்சு வாங்காம இருக்கப் போட்டதுல்லா? எங்களுக்கு மழைக்கு முந்தி வீடு போயிச் சேரணும்” என்றாள். நான் ஆச்சரியப்படவில்லை. அந்தப் பாடத்தை ஓடைக்கரையில் படித்துவிட்டுத்தான் மலை ஏறியிருந்தேன்.

ஓடைக்கரைக்கு வருவோம்.

“நீங்கதானுங்களே சர்க்காரு”

காலடிகளைப் பார்த்த அன்று நான் பாலத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு பெண்கள் வந்தார்கள். முன்னால் வந்தவர் தலையில் கருப்பட்டிக் கூடை. நாற்பது வயது இருக்கும். பெயர் வேலாத்தாள் என்று பிறகு தெரிந்தது. என்னைப் பார்த்துத் தயங்கினார். ஆனாலும் பாலத்துக்கு முன்பே திரும்பி, ஓடைக்குள் இறங்கினார். கூட வந்தவள் பின்னால் இருந்து கூடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

“ஏம்மா, பாலம் இருக்கே. சுமையோடே ஓடையிலே எதுக்கு எறங்கறே?”

“சும்மாதானுங்க சாமி.”

“நான் கோவிச்சுக்கலை. தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான். பாலம் ஆடறதோ? பயமா இருக்கா?”

வேலாத்தாள் ஓடைக்குள் நின்றபடியே என்னைப் பார்த்தார். தலையில் கூடை இருந்ததால் கண் மட்டும்தான் மேலே வந்தது.

“பாலம் கெட்டியாத்தானுங்க இருக்குது. எங்கக்கா மேல எப்படீங்க சாமி கால் வெக்கறது?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கூட வந்தவள் கூடையை இறக்க உதவினாள். வேலாத்தாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“எங்கக்கா பழனாத்தா, வகுத்துல புள்ளையோட போயிட்டாளுங்க. சுமையோட போனவளுக்கு அந்தச் சுமை எறங்கோணுமில்லீங்களா? அதுக்குன்னுதான் எங்கப்பாரு பழைய தடத்துல சுமைதாங்கி நட்டாருங்க. போறவிய வாறவிய அதுமேல எறக்கி வெக்க வெக்க, அவளுக்கும் எறங்கும்னு. அந்த மேக்கல்லைத்தானுங்க நீங்க கொண்டாந்து பாலத்துல போட்டுட்டீங்க.”

நான் பாலத்தை விட்டு எழுந்து கரைக்கு வந்தேன்.

“எந்தக் கல்லுன்னு தெரிஞ்சாலாவது சுத்திப் போலாமுங்க. மேல மண்ணைப் போட்டு மூடிட்டீங்க. வகுத்துப்புள்ளக்காரிய ஆருங்க மிதிப்பாங்க?”

“என்கிட்டே ஒரு வார்த்தை வந்து சொல்லப்படாதா?”

“பண்ணாடிகிட்டக் கேட்டனுங்க. சர்க்காரு எடுத்ததுன்னாரு. அப்பறம் ஆருகிட்டக் கேக்கறது? நீங்கதானுங்களே சர்க்காரு.”

குறைந்துபோன ஒரு கல்

பலகைக்கல் ஒன்று குறைந்தது, சமாளித்தோம் என்று மேலே ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரிக்குள் ஒளிந்துகொள்ளத்தான் பார்த்தேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கொத்தனார் மாரப்பன் கல் பத்தவில்லை என்றபோது, பழைய பாதையில் நின்ற மூன்று கல்லை நான்தான் கைகாட்டினேன். இரண்டு நட்ட கல். அவற்றின் மேல் தோள் உயரத்தில் படுக்கவைத்த ஒரு பலகை. நீளம் கச்சிதமாக இருந்தது. “அது சுமைதாங்கிங்க சாமி” என்று மாரப்பன் சொல்லத்தான் சொன்னார். “ரோடு வந்தாச்சு, வண்டி வந்தாச்சு. இனி யார் தலையிலே சுமக்கப் போறா?” என்றேன். மாரப்பன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சுமைதாங்கி எதற்கு என்று எனக்குத் தெரியும். ஆனால் அது பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இறந்துபோனவளுக்காக நடப்படுகிறது என்று தெரியாது. இன்னொன்றும் தெரியாது. தலையில் ஒரு மணங்கு கனத்தை வைத்துக்கொண்டு தனியாக நடக்கிற பெண்ணால் அதைத் தரையில் இறக்கவும் முடியாது, இறக்கினால் திரும்பத் தூக்கவும் முடியாது. ஒன்று, கைகொடுக்க இன்னொரு ஆள் வேண்டும். இல்லாவிட்டால் தோள் உயரத்தில் ஒரு கல் வேண்டும். நான் அந்தக் கல்லை எடுத்த நாளிலிருந்து அவர்கள் ஜோடி சேர்ந்து நடந்தார்கள். புளியங்கொட்டையைச் சரியாகத்தான் எண்ணினேன். பார்த்ததைப் பற்றி யோசிக்கத்தான் இல்லை.

வெட்கமாக இருந்தது. மழை வந்தால் ஓடையில் தண்ணீர் இறங்கும். அதில் சுமையோடு இறங்க முடியாது. அதே மழைக்குப் பண்ணாடி பழைய பாதையை உழப்போகிறார். என் ஒரு கையெழுத்துதான் பாக்கி. அதைப் போட்டால் இவர்களுக்குச் சந்தைக்கு வழியே கிடையாது.

இஞ்சினியர் துரை பார்வையிட வர ஐந்து நாள் இருந்தது. மாரப்பனைக் கூப்பிட்டுப் பாலத்தைப் பிரிக்கச் சொன்னேன்.

“நெசமாலுமா சாமி?”

“நிஜமாத்தான்.”

மாரப்பன் முகத்தில் அன்று பார்த்த சந்தோஷத்தை ரோடு முடிந்த அன்றுகூட நான் பார்க்கவில்லை.

கல்லில் இருந்த எழுத்து

பலகையைப் புரட்டிப் போட்டபோது வேலாத்தாள் பக்கத்தில் நின்றார். அடிப்பக்கமாகக் கவிழ்ந்து கிடந்த முகத்தில் எழுத்து இருந்தது. மாரப்பன் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினார்.

“படிங்க சாமி” என்றார் வேலாத்தாள்.

படித்தேன். “கருப்பண்ணன் உபயம்.”

“அது எங்கப்பாருங்க. அக்கா பேரு எங்கீங்க இருக்குது?”

கல்லை இன்னொரு தடவை பார்த்தேன். பக்கவாட்டில் பார்த்தேன். மண்ணை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். வேறு எழுத்தே இல்லை. வெட்டியவன், கூலி கொடுத்தவர் பெயரைத்தான் வெட்டியிருக்கிறான். கருப்பண்ணனுக்கும் எழுத்துத் தெரியாது.

“இல்லைம்மா.”

வேலாத்தாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்த எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினார். “இத்தனை வருசமா இதைத் தடவிப்போட்டுத்தானுங்க போவேன். அவ பேருன்னு” என்றார். அழவில்லை. மாரப்பன் தேவையே இல்லாமல் இன்னொரு குடம் தண்ணீரை ஊற்றினார்.

பழைய இடத்திலேயே நட்டுக் கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். அங்கே நட்டால் நான் கையெழுத்துப் போட முடியாது; பாதையை உழவும் முடியாது. அது எனக்குத் தெரிந்துதான் சொன்னேன். பண்ணாடி மறுநாளே ஆள் அனுப்பாமல் தாமே வந்தார்.

“ஏனுங்க சாமி, ஒரு கல்லுக்கோசரம் நான் வெதைக்காம இருக்கோணுங்களா?”

“நான் ஒண்ணும் பறையறதுக்கில்லே. கல் அந்தம்மாவோடது. அவா சொல்லட்டும்.”

வேலாத்தாள் உடனே சொல்லவில்லை. இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் காலையில் கருப்பட்டிக் கூடையோடு, துணைக்கு யாரும் இல்லாமல், தனியாகவே வந்தார்.

“பழைய தடத்துல இனி ஆரு நடப்பாங்க? ரோட்டுல மண்ணு மெத்துனு போட்டுட்டீங்க, எல்லாரும் இங்கதான் வருவாங்க. ஆளு வராத காட்டுல அவ தனியா நின்னு என்ன பண்றது? அவளுக்கு எறங்கோணும்னா நாலு பேரு சுமை எறக்கோணுமுங்க. ரோட்டுலயே வெச்சுருங்க.”

நான் அளவுச் சங்கிலியை எடுத்துக்கொண்டேன். சரிபாதி தூரத்தை அளந்து நட்டுவிடலாம் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“பாதியில எதுக்குங்க? கழுத்து சொல்ற எடத்துல வைங்க.”

கழுத்து சொன்ன இடம்

வேலாத்தாள் கூடையோடு முன்னால் நடந்தார். நான் சுண்ணாம்புப் பொட்டலத்தோடு பின்னால் நடந்தேன். எனக்குப் பின்னால் மாரப்பன். மேடு வந்தது, நிற்பார் என்று நினைத்தேன், நிற்கவில்லை. பாலம் வந்தது. எடுத்த கல்லின் இடத்தில் இரண்டு பனந்துண்டுகளைப் போட்டிருந்தோம். அவர் ஒரு கணம் கீழே பார்த்தார். பிறகு நிதானமாகத் தாண்டி நடந்தார். ஊர் ஜனங்களில் பாலத்தின் மேல் பட்ட முதல் காலடி அது.

அங்கிருந்து இன்னும் கொஞ்சம் போய், நான் நட்ட ஒரு புங்கங்கன்றுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். கையால் கூடையைப் பிடித்தபடி, “இங்க” என்றார்.

சுண்ணாம்பைத் தூவினேன். எந்த அளவிலும் சேராத ஓர் இடம் அது.

நட்ட கல் இரண்டையும் கொண்டுவந்து ஊன்றினோம். பலகையை ஏற்றுமுன் மாரப்பன் உளியை எடுத்தார். நான் கரித்துண்டால் பழனாத்தா என்று எழுதிக் கொடுத்தேன். பார்வையாக முன்பக்கத்தில் வெட்டலாம் என்று மாரப்பன் சொன்னதற்கு வேலாத்தாள் சம்மதிக்கவில்லை.

“மேலயே வெட்டுங்க. சுமை அது மேல படட்டும்.”

வெட்டி முடித்து ஏற்றியதும், முதலில் அவர் கூடையைத்தான் இறக்கினார். கல்லுக்கு முதுகைக் காட்டி நின்று, மெதுவாகச் சாய்ந்து, யார் உதவியும் இல்லாமல் கூடையை அதன் மேல் நழுவவிட்டார். பிறகு நிமிர்ந்து மூச்சு விட்டார். அந்த மூச்சின் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்று மாலை பண்ணாடியின் காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். இஞ்சினியர் துரை வந்தார். பாலத்தில் பனந்துண்டைப் பார்த்தார். சொன்னேன். தலையில் அடித்துக்கொள்ளாத குறை. பனையை எடுத்துவிட்டு வேறு கல் போட உத்தரவு கொடுத்தார். என் உத்தியோகத்தை நிரந்தரமாக்குவதை ஒரு வருஷம் தள்ளிவைத்தார். அந்த ஒரு வருஷத்தைப் பற்றி நான் எங்கும் முறையிடவில்லை.

பல வருஷம் கழித்து, மலையில் வேலை பார்த்து அலுத்துத் திரும்பிய சமயம், பொள்ளாச்சியில் மோட்டார் பஸ் ஏறிக் கொழிஞ்சாம்பாறைக்கு வந்துகொண்டிருந்தேன். கண்ணை மூடியிருந்தேன். பஸ் வேகம் குறைந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு குரல் கொடுத்தார்.

“பழனாத்தா கல்லு. எறங்கறவிய வாங்க.”

விழித்துக்கொண்டேன். பழனாத்தா என்பது யார் என்று அவரைக் கேட்டேன்.

“இந்த ஸ்டாப்புப் பேருங்க சார்” என்றார்.

என் சீட்டு சந்தை வரைக்கும் இருந்தது. பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். புங்கமரம் ரோட்டுக்குப் பாதி நிழல் போட்டிருந்தது. பண்ணாடியின் பெயர்ப்பலகையைக் கறையான் எப்போதோ தின்றிருந்தது. கல் இருந்தது. மேலே விரலை ஓட்டிப் பார்த்தேன். கூடைகளும் மூட்டைகளும் பட்டுப் பட்டு எழுத்தெல்லாம் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. முழுசாக ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை.

சுமை மேலே படட்டும் என்று வேலாத்தாள் கேட்டது அதைத்தான். என் கையில் இருந்ததோ ஒரு துணிப்பை. கனமே இல்லை. இருந்தாலும் அதை அந்தக் கல்லின் மேல் இறக்கி வைத்தேன்.